இரும்புத் துகளும் நோய் காணும் படமும்

மழை பெய்து ஓய்ந்த மறுநாட் காலையில், திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சூழ்ந்த தாழ்நிலங்களிலே நீர் ஓடி வற்றிய தடங்களில் கரிய மணற்கீற்றுக்கள் படிந்திருப்பதை நம்மிற் பலர் கண்டிருப்போம். சிறுவராய் இருந்த காலத்து, உடைந்த ஒலிபெருக்கியினின்றும் எடுத்த காந்தத் துண்டினை நூலிற் கட்டி அம்மணலின்மீது இழுத்துச் சென்றதும் உண்டு. கரிய துகள்கள் மயிர் சிலிர்த்தாற் போலக் காந்தத்தின்மேல் நிமிர்ந்து நிற்கும். அத்துகள்களிற் பெரும்பகுதி மாக்னடைட்டு என்னும் இரும்பு ஆக்ஸைடே ஆகும். அன்று நமக்கு விளையாட்டுப் பொருளாயிருந்த அவ்விரும்பே, தக்கபடி நுணுக்கிப் பூச்சுப் பூசினால், சரீரத்தினுள்ளே நோய் இருக்கும் இடத்தை மருத்துவருக்குக் காட்டிக் கொடுக்கும். அதனை அங்ஙனம் அமைக்கும் பணியை வியாபாரிகளுக்கே விட்டுவிடாது, நம்மைப் போன்ற கல்லூரிகள் தம் கடமையாக ஏற்றல் வேண்டும் என்பதே ஈண்டு நாம் கூறப் புகுவது.

முதற்கண் படமெடுக்கும் முறையைச் சிறிது நோக்குவோம். எம்.ஆர்.ஐ. என்று சுருங்க வழங்கும் காந்த ஒத்ததிர்வுப் படத்திற்கு நம் சரீரத்திலுள்ள நீரே ஆதாரம். வளர்ந்த மனிதனின் எடையில் நூற்றுக்கு அறுபது பங்கின் அளவு நீர் என்பர். நீரின் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டு உள. அவற்றின் கருக்கள் மிக நுண்ணிய காந்த ஊசிகளை ஒப்பன. ஒருவரைப் பெருங்காந்தத்தின் நடுவே கிடத்தினால், அக்கருக்களிற் சிறிது மிகையான பகுதி அக்காந்தத்தின் திசையை நோக்கி அமையும். வானொலி அலைகளைச் செலுத்தி அவற்றைச் சாய்த்துப் பின்னர் அவ்வலைகளை நிறுத்தினால், அவை பண்டை நிலைக்கு மீளும்பொழுது மெல்லிய குறிப்பொன்றை எழுப்பும். மீளும் காலம் கொழுப்பில் ஒருவகை, தசையில் ஒருவகை, நோயுற்ற இடத்தில் வேறொருவகை. அவ்வேறுபாட்டைக் கணக்கிட்டுப் படமாக்குவதே இம்முறை. மருத்துவமனைகளிற் பெரிதும் வழங்கும் காந்தத்தின் வலிமை 1.5 டெஸ்லா. அது பூமியின் காந்த வலிமையினும் 30,000 மடங்கிற்கு மேற்பட்டது.

இக்குறிப்பை நீர்ப்பொருள்களிலும் திடப்பொருள்களிலும் முதலிற் கண்டவர் பிளாக், பர்ஸெல் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், ஆண்டு 1946. அடுத்த ஐந்தாண்டிற்குள், 1951-ல், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஜி. சூர்யன் என்பார், குழாயில் ஓடும் நீரினின்றும் வரும் குறிப்பு ஓட்டத்தினால் மாறுபடுவதைக் கண்டு வெளியிட்டார். இன்று இரத்த ஓட்டத்தைப் படத்திற் காணும் முறைகளுக்கு அது முன்னோடியாகக் கருதப்படுகின்றது. 1973-ல் லாட்டர்பர் என்பார் அக்குறிப்புக்களைக் கொண்டு படம் அமைத்துக் காட்டினார். அவருக்கும் மான்ஸ்பீல்டு என்பாருக்கும் 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது. இத்துறையின் தொடக்கத்திலேயே நம் நாட்டார் கை ஒன்றும் இருந்தது என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க.

இங்ஙனம் எடுக்கும் படத்தில் நோயுற்ற பகுதியும் நலமுற்ற பகுதியும் ஒரே சாயலாய்த் தோன்றுவதும் உண்டு. அப்பொழுது ஒன்றை மற்றொன்றினின்றும் பிரித்துக் காட்ட ஒரு துணைப்பொருள் வேண்டப்படுகின்றது. அதனை வேறுபாட்டு மருந்து எனலாம். அது செய்யும் வேலையை விளக்கச் சின்னாளபட்டிக்குச் செல்வோம். அங்கே பழைய முறையிற் சுங்குடிச் சேலை செய்வோர், துணியிற் சிறுசிறு புள்ளிகளாக நூலாற் கட்டுப் போட்டுச் சாயத்தில் அமிழ்த்துவர். கட்டுண்ட இடத்திற் சாயம் ஏறாது. கட்டவிழ்த்த பின்னர், நிறமேறிய துணியினிடையே வெண்புள்ளிகள் விளங்கும். கல்லீரலுக்கு இரும்புத் துகளைச் செலுத்தும்போது நிகழ்வது ஏறக்குறைய இதுவே. நலமுற்ற கல்லீரலிலே குப்பர் அணுக்கள் என்னும் காவலர் உளர். இரத்தத்தில் வரும் அயற்பொருளை விழுங்குவது அவர் தொழில். துகளை அவர் விழுங்க, இரும்பின் காந்தத்தால் அவ்விடத்து நீரின் குறிப்பு விரைவில் அடங்கிப் படம் கருகும். புற்று வளர்ந்த இடத்திலோ அக்காவலர் பெரும்பாலும் இலர். ஆதலின் அவ்விடம் மட்டும் சாயம் ஏறாத சுங்குடிப் புள்ளிபோல வெளுத்து நிற்கும்.

இனித் துகளின் இயல்பைக் காண்போம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறே நானோமீட்டர். மருந்திற்குப் பயன்படும் இரும்புத் துகளின் உட்கரு பெரும்பாலும் ஐந்து முதல் பத்து நானோமீட்டர் அளவினது. இவ்வளவு சிறியதாகும்போது இரும்பு ஆக்ஸைடு ஒரு புதிய குணத்தை அடைகின்றது. பெரிய காந்தத் துண்டு தன் காந்தத்தை எஞ்ஞான்றும் தாங்கி நிற்கும். நுண்துகளிலோ, சாதாரண வெப்பத்தின் அலைப்பே அதன் காந்தத் திசையை ஓயாது புரட்டிக்கொண்டிருக்கும். ஆகவே, வெளியே காந்தம் இருக்கும்பொழுது அது வலிய காந்தமாகும். வெளிக் காந்தத்தை நீக்கியவுடன் காந்தம் அற்றதுபோல் ஆகும். இதன் காரணத்தை 1949-ல் லூயி நீல் என்னும் பிரெஞ்சு அறிஞர் விளக்கினார். இக்குணம் இல்லையாயின், நாளங்களில் துகளோடு துகள் ஒட்டிக் கட்டியாய்த் திரண்டு தீங்கு விளைக்கும்.

ஆயினும் இக்குணம் ஒன்றே போதாது. பூச்சற்ற நுண்துகள்கள் நீரிலும் குருதியிலும் தாமே ஒன்றையொன்று பற்றித் திரளும் இயல்பின. குருதியிலுள்ள புரதங்களும் அவற்றின்மேற் படியும். ஆதலின், டெக்ஸ்ட்ரான் என்னும் சர்க்கரைத் தொடரையேனும், சிட்ரிக் அமிலத்தையேனும், பிறவற்றையேனும் கொண்டு அவற்றிற்கு மேற்போர்வை செய்வர். போர்வையோடு கூடிய துகள் நூறு நானோமீட்டர் அளவினதாயின், குப்பர் அணுக்கள் அதனைச் சில நிமிஷங்களிற் பிடித்துக்கொள்ளும். முப்பது நானோமீட்டர் அளவினதாய் நல்ல போர்வை பெற்றிருப்பின், பல மணி நேரம் குருதியிற் சுற்றி நிணநீர்க் கணுக்களையும் எட்டும். எனவே துகள் எங்கே போகும் என்பதை உள்ளிருக்கும் இரும்பைக் காட்டிலும் பூச்சே நிச்சயிக்கின்றது. நாகல் நகரத்துப் பூட்டுக் கம்மியரைக் கேட்டால் இதனை எளிதில் ஒப்புக்கொள்வர். சாவிகளெல்லாம் செய்யப்படுவது ஒரே இரும்பினால்தான். எந்தப் பூட்டைத் திறக்கும் என்பது சாவியில் வெட்டிய வெட்டினால் அன்றோ அமைகின்றது!

“காடோலினியம் என்னும் உலோக மருந்து இருக்கின்றதே, இரும்பு எதற்கு?” என்று கேட்பார் உளர். நியாயமான கேள்வியே. 1988 முதல் உலகெங்கும் மிகுதியாய் வழங்கிவருவது காடோலினியமே. அது படத்தை இருட்டாக்காமல் வெளிச்சமாக்கும். ஊசியிட்ட உடனே படமெடுக்கலாம். ஆனால் தனித்த காடோலினியம் நஞ்சு. அதனால் அதனை வேறொரு மூலக்கூற்றினாற் கட்டிப் பிடித்தே செலுத்துகின்றனர். சிறுநீரகம் நன்கு வேலை செய்வோர்க்கு அது பெரும்பாலும் விரைவில் வெளியேறிவிடும். சிறுநீரகம் மிகப் பழுதுற்றோர்க்கோ அது நெடுநேரம் சரீரத்திற் தங்கும். அத்தகையோர் சிலருக்குத் தோலும் உள்ளுறுப்புக்களும் இறுகிப்போகும் கொடிய நோய் உண்டாவதற்கு இம்மருந்தே காரணமாகலாம் என்று 2006-ல் ஐரோப்பிய மருத்துவர்கள் கண்டனர். பலமுறை இம்மருந்தை ஏற்றோரின் மூளையில் அதன் சுவடு தங்கியிருப்பதை 2014-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் காட்டினர். 2017-ல் ஐரோப்பிய மருந்து ஆணையத்தார், பிடிப்புத் தளர்ந்த காடோலினிய மருந்துகள் பலவற்றை நிறுத்தி வைக்கச் செய்தனர். வளையமாய் இறுகப் பிடிக்கும் வகை மருந்துகள் இவற்றினும் மிக நல்லன. அவற்றால் அவ்விறுகல் நோய் வருவது மிக அரிது. இதனை மறைத்துப் பேசுதல் முறையன்று.

இரும்பின் சிறப்பு யாதெனின், அது நம் சரீரத்திற்கு அயலான் அன்று. வளர்ந்த மனிதனிடத்து மூன்று நான்கு கிராம் இரும்பு எப்பொழுதும் உண்டு. பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது நாள்தோறும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பைச் சரீரம் மீட்டெடுத்துப் புதிய குருதிக்கு வழங்குகின்றது. 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெருமாக்ஸைட்ஸ் என்னும் டெக்ஸ்ட்ரான் பூசிய கல்லீரல் மருந்தின் அளவு, எடையில் ஒரு கிலோவிற்கு 0.56 மில்லிகிராம் இரும்பு. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு 28 மில்லிகிராம். அஃதாவது, சரீரம் ஏறக்குறைய ஒருநாளிற் கையாளும் இரும்பின் அளவே. துகள் கரைந்தபின் அவ்விரும்பும் குருதியிற் சேர்ந்து பயன்படும். 2009-ல் அமெரிக்க அனுமதி பெற்ற ஃபெருமாக்ஸிடால் என்னும் பூசிய துகளோ, சிறுநீரக நோயாளரின் இரத்தசோகைக்கு மருந்தாகவே முதலில் வந்தது. அதனையே மருத்துவர் சிலர் படத்திற்கும் பயன்படுத்தலாயினர்.

நம் நாட்டிற்கு இது எவ்வளவு பொருத்தமானது என்று எண்ணிப் பாருங்கள். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவர். அரசினர் மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு நாளத்தின் வழியாய் ஏற்றும் இரும்பு சுக்ரோஸ் மருந்தும், சர்க்கரைப் போர்வை போர்த்த நுண்ணிய இரும்புத் துகளே. படத்திற்கு உதவும் அளவு காந்த வலிமை அதற்கு இல்லை என்பதே வேற்றுமை. நம் தாய்மாரும் சகோதரிமாரும் ஏற்றுக்கொண்டுள்ள ஒரு மருந்துக் குடும்பத்தின் உறவினனே இத்துகள் என்க.

இதன் பயன் வெறும் ஊகமன்று. விந்துப்பை அருகிலுள்ள புராஸ்டேட் சுரப்பியில் புற்றுற்ற 80 ஆடவரை ஆராய்ந்து 2003-ல் வெளியிட்ட முடிவு ஒன்று உண்டு. நிணநீர்க் கணுக்களிற் புற்றுப் பரவியிருப்பதைச் சாதாரணப் படம் நூற்றுக்கு 35 அளவிலேயே கண்டது. ஃபெருமாக்ஸ்ட்ரான் என்னும் பூசிய இரும்புத் துகளைச் செலுத்தி எடுத்த படமோ நூற்றுக்கு 90-க்கு மேல் கண்டது. பரவியது தெரியாமல் அறுவைக்கு உட்படுவோனுக்கும், தெரிந்து தக்க சிகிச்சை பெறுவோனுக்கும் உள்ள வேற்றுமையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

குறைகளையும் கூறுதல் கடன். ஃபெருமாக்ஸிடாலைச் செலுத்தியபோது சிலருக்கு உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை நேர்ந்ததனால், 2015-ல் அமெரிக்க மருந்து அதிகாரிகள் மிகக் கடுமையான எச்சரிக்கையை அதன்மேற் பொறித்தனர். நீர்த்த நிலையில் மெல்ல ஏற்றி, அரைமணி நேரமேனும் நோயாளியைக் கவனித்தல் வேண்டும். நிணநீர்க் கணுக்களைக் காண ஊசியிட்ட மறுநாளே படமெடுக்க இயலும். ஆதலின் நோயாளி இருமுறை வரவேண்டும். வேடசந்தூரிலிருந்தோ நத்தத்திலிருந்தோ கூலி வேலையை விட்டுப் பேருந்தேறி வருவோர்க்கு இது சிறு செலவன்று. இரும்பு மிகுந்து தேங்கும் நோயுடையார்க்கு இது ஆகாது. கருகிய இடம் துகளாலோ, பழைய குருதிக் கசிவாலோ என்ற மயக்கமும் எழும். இக்குறைகளெல்லாம் உண்மையே. ஆனால் இவற்றுட் சில போர்வையைத் திருத்துவதனாலும் செலுத்தும் முறையைத் திருத்துவதனாலும் குறையக் கூடியன அல்லவோ?

அங்ஙனமாயின் இம்மருந்துகள் ஏன் பரவவில்லை? ஃபெருமாக்ஸைட்ஸை அதனைச் செய்தவர்களே 2008-ல் அமெரிக்காவில் நிறுத்திவிட்டனர். முதுகுவலி முதலிய இடர்கள் சிலருக்கு இருந்தன; எனினும் அரசாங்கத்தார் தடைசெய்து அது மறையவில்லை. அதனைக் கேட்டு வாங்குவோர் குறைந்தனர். காடோலினிய மருந்துகளோடு போட்டியிட்டு ஆதாயம் காணுதல் அரிதாயிற்று. ஃபெருமாக்ஸ்ட்ரானும் சந்தைக்கு வராமல் ஒதுங்கிற்று. ஆனால் நெதர்லாந்து நாட்டு நைமேகன் நகரத்துப் பல்கலைக்கழக மருத்துவமனையார் அதனைக் கைவிட மனமின்றி, மீண்டும் செய்வித்துத் தம் நோயாளருக்குப் பயன்படுத்தி ஆராய்ந்தனர். வியாபாரம் கைவிட்ட பொருளைக் கல்விச்சாலை காத்தது. நாம் வற்புறுத்த விரும்பும் கருத்து இதுவே.

நம் நாட்டிலும் முயற்சி இல்லாமல் இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான நிலையத்தார், சிட்ரேட்டுப் பூசிய இரும்புத் துகளைக் கொண்டு கல்லீரல் நார்ப்பற்றி இறுகும் நோயைப் படத்திற் காணலாம் என்று 2014-ல் வெளியிட்டனர். நம் கல்லூரிகளின் ரசாயன சாலைகளிலும் இத்துகளைச் செய்தல் புதிதன்று. ஒரு பங்கு ஃபெரஸ் உப்பையும் இரண்டு பங்கு ஃபெரிக் உப்பையும் நீரிற் கரைத்து அமோனியாவைச் சேர்த்தால், கண் இமைப்பதற்குள் கரிய வண்டல் தோன்றும். குப்பிக்கு அருகே காந்தத்தைக் கொண்டுசென்றால் அவ்வண்டல் சுவரேறும். வேம்பு, துளசி முதலியவற்றின் இலைச்சாற்றைச் சேர்த்துச் செய்வாரும் பலர். பின்னர் துகளின் அளவை அளப்பர், படம் எடுப்பர், கட்டுரை எழுதுவர், பட்டமும் பெறுவர். அவ்வளவில் அக்குப்பி அலமாரிக்குப் போய்விடுகின்றது. துகளைச் செய்தல் பாதி வேலையினும் குறைவு. அத்துகள் குருதி நீரில் ஒரு வாரம் திரளாமல் இருக்குமா, ஒரே முறையிற் பத்து தடவை செய்தால் பத்து தடவையும் ஒரே அளவாய் அமையுமா, உயிரணுக்களுக்குத் தீங்கு செய்யுமா என்ற கேள்விகளுக்கு விடை காண்பதே கடினமான பாதி. அப்பாதியைத் தொடாமல் விடுவது, வெட்டு வெட்டாத சாவியை விற்க முயல்வதை ஒக்கும்.

இங்கே சர் கே. எஸ். கிருஷ்ணனை நினைத்தல் தகும். 1898-ல் வத்திராயிருப்பிற் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றவர் அவர். 1928-ல் டாக்காவிற்குச் சென்று, படிகங்களின் காந்த குணத்தை அளக்கும் வேலையை மேற்கொண்டார். மெல்லிய குவார்ட்ஸ் இழையிற் சிறு படிகம் ஒன்றைக் காந்தத்தின் நடுவே தொங்கவிட்டு, இழையை முறுக்கி, எந்த முறுக்கிற் படிகம் புரளுகின்றது என்று பார்த்து அளக்கும் வழியைப் பானர்ஜி என்பாருடன் சேர்ந்து அமைத்தார். கருவி எளியது, கவனமோ பெரிது. விலையுயர்ந்த கருவி இல்லையே என்று சோர்வோருக்கு அவர் வாழ்க்கையே விடையாகும்.

ஆகவே நாம் கூறும் யோசனைகள் மூன்று. முதலாவது, துகளைச் செய்யும் மாணவர் ஒவ்வொருவரும் அதன் பூச்சினைக் குருதி நீரில் வைத்து நாட்கணக்கிற் சோதித்து, வெற்றியைப் போலவே தோல்வியையும் எழுதுதல் வேண்டும். இவ்வழி செல்லாது என்று ஒருவர் எழுதி வைத்தால், பின்வருவோர்க்கு ஓராண்டு மிச்சமாகும். இரண்டாவது, கல்லூரிகள் தனித்தனியே நில்லாமற் கைகோத்தல் வேண்டும். காந்திகிராமத்திற் கிராமியப் பல்கலைக்கழகம் உண்டு. திண்டுக்கல்லில் 2022-ல் திறக்கப்பெற்ற அரசினர் மருத்துவக் கல்லூரி உண்டு. ரசாயனம் கற்றவரும், பௌதிகம் கற்றவரும், நோயாளியைத் தொட்டுப் பார்ப்பவரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்வதற்கு இடையே உள்ள தூரம் சில மைல்களே.

மூன்றாவது, நோயாளியின் உரிமை. காடோலினியமாயினும் இரும்பாயினும், நாளத்திற் செலுத்துவது யாது, அதனால் வரும் நன்மை யாது, தீமை யாது, சிறுநீரகத்தைச் சோதித்த பின்னரே செலுத்துகின்றனரா என்பதை அவர் தமிழில் அறிதல் வேண்டும். பொருள் விளங்காத தாளில் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது. விஞ்ஞானத்தை நல்ல தமிழில் எடுத்துரைக்கும் பயிற்சி இத்தகைய மலர்களில்தான் தொடங்குகின்றது. எளிய தமிழில் ஒரு பக்கத்தில் இவ்வளவையும் விளக்க வல்ல மாணவர், நோயாளிக்கு மருத்துவர் செய்யும் உதவியிற் சிறிதேனும் தாமும் செய்தவர் ஆவர்.

காடோலினியத்தை ஒதுக்குக என்று நாம் கூறவில்லை. இரும்பு எல்லா நோயையும் காட்டும் என்றும் கூறவில்லை. சிறுநீரகம் பழுதுற்று, ஒரு மருந்து ஆகாது என்று திருப்பி அனுப்பப்படும் நோயாளிக்கு மற்றொரு வழி இருத்தல் வேண்டும். அவர் தொகை சிறிது. ஆதலால் அவரை நாடி வியாபாரம் வாராது. யார் வருவர்? கற்றவர்தாம் வருதல் வேண்டும். மழைநீர் வற்றிய தடத்தில் காந்தத்தை இழுத்த சிறுவர் இன்று நம் ரசாயன சாலையிற் குப்பியைப் பிடித்து நிற்கின்றனர். அக்குப்பியை அலமாரியில் வைத்துப் பூட்டுவதோ, அதனை எடுத்துக்கொண்டு மருத்துவமனை வாயிலுக்கு நடப்பதோ, மாணவ நண்பர்களே, உங்கள் கையில் உள்ளது.